ஏழாம் மாதக் கணக்கு

எங்கள் பக்கம் ஏழாம் மாதம் என்றால் வளைகாப்பு. கை நிறைய வளையல், கன்னத்தில் சந்தனம், தட்டில் ஐந்து வகைச் சாதம். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இன்னொரு ஏழாம் மாதமும் உண்டு. பிள்ளை பிறந்து ஆறு மாதம் ஓடி, விடுப்புக் காகிதத்தில் எழுதிய தேதி முடிந்து, மறுநாள் காலை குன்னூர் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டிய மாதம். அதற்கு யாரும் சாதம் கட்டிக்கொண்டு வருவதில்லை.

மகப்பேறு விடுப்பால் பெண்களின் வேலை வாழ்க்கை பின்தங்குகிறதா என்று கேட்டால், பேச்சு உடனே விடுப்பின் நீளத்துக்குப் போய்விடும். மூன்று மாதம் போதுமா, ஆறு மாதம் அதிகமா, ஒரு வருடம் கொடுத்தால் யார் வேலைக்கு வைப்பார்கள் என்று. நீலகிரியில் தோட்டம், அரசு வேலை, தனியார் கம்பெனி மூன்றையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது வேறு. அந்த ஆறு மாதச் சம்பளம் யார் பையிலிருந்து போகிறது, ஏழாம் மாதம் பிள்ளை யார் மடியில் இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். நீளத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

கோத்தகிரியிலிருந்து குன்னூர் வரும் காலை பஸ்ஸில் ஒரே சீட்டில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அரசுப் பள்ளி ஆசிரியை. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை 1 முதல் பன்னிரண்டு மாத விடுப்பு, முழுச் சம்பளத்தோடு. அதற்கு முன் ஒன்பது மாதம், அதற்கும் முன் ஆறு. அடுத்தவர் தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறவர். 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டம் அவருக்கு 12 வாரம் கொடுத்திருந்தது. 2017 ஏப்ரல் 1 முதல் அது 26 வாரமானது. இரண்டு பிள்ளை வரைக்கும்தான் அது. மூன்றாவதுக்குப் பழைய 12 வாரமே. ஜன்னலோரம் இருப்பவர் மார்க்கெட் பக்கம் ஒரு பேக்கரியில் வர்க்கி பாக்கெட் போடுகிறவர். கடையில் மொத்தம் ஆறு பேர். பத்துப் பேருக்குக் குறைந்த கடைக்குள் இந்தச் சட்டம் நுழைவதில்லை. ஆகவே அவருக்கு விடுப்பு என்று ஒன்று கிடையாது, வேலையை விட்டு நின்றுகொள்ள வேண்டியதுதான். அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி கிடைக்கும். 1987-இல் 300 ரூபாயில் தொடங்கிய திட்டம், இப்போது 18,000 ரூபாய். அதில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும். பெரிய உதவிதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் திரும்பிப் போகிற நாள்வரை வேலையை அது பிடித்து வைக்காது.

தோட்டத்திலிருந்து தொடங்குகிறேன், எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் அதுதான். அம்மா கோத்தகிரிப் பக்கத் தோட்டம் ஒன்றில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. பின்னால் அது டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. வந்தவர்களோடு மலையகச் சொற்களும் வந்தன. ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். காலையில் ஆள் எடுக்கிற மஸ்டரில் நின்று, செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறினால் ஒரு பேர், பாதியில் திருப்பி அனுப்பினால் அரைப் பேர்.

“தேயிலை பறிக்கிறவளுக்கு என்னம்மா கெரியர்?” என்று ஒருவர் என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். பெர்மனன்ட் ஆவதுதான் அங்கே கெரியர். பெர்மனன்ட் ஆனால் லைன் வீடு என்கிற தோட்டத்து வரிசை வீடு, வைத்தியம், பி.எஃப்., கடைசியில் பணிக்கொடை. டெம்பரவரி என்றால் கொழுந்து குறைந்ததும் ‘நாளைக்கு வரவேண்டாம்’. ஒன்றிலிருந்து மற்றதுக்கு ஏறுவது, அலுவலகத்தில் கிளார்க் மேனேஜர் ஆவதைவிடக் கஷ்டம். அந்த ஏற்றத்தின் நடுவில்தான் பிள்ளை பிறக்கிறது.

சட்டப்படி, பிரசவத் தேதிக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் மகப்பேறுச் சம்பளம் உண்டு. முதலில் அது 160 நாளாக இருந்தது, 1988-இல்தான் பாதியாக்கினார்கள். அம்மா என் அண்ணனைச் சுமந்தபோது பழைய 160. தினசரி காலண்டர் தாளுக்குப் பின்னால் கோடு போட்டுப் போட்டு எண்ணினாராம். “நூத்தி அறுபது தாண்டின அன்னைக்குத்தான் வயிறு இருக்குன்னே தைரியமா வெளிய சொன்னேன்” என்பார். இன்றைக்கும் டெம்பரவரியாக இருக்கிற பெண்கள் எண்பதை அப்படித்தான் எண்ணுகிறார்கள். ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து பறிக்கிறவர்களுக்கு எண்ண வேண்டும் என்பதே தெரியாது. சொல்லவேண்டிய ஆள் அவர்கள் பாஷையில் சொல்வதில்லை.

சம்பளம் எவ்வளவு என்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. விடுப்புக்கு முந்தைய மூன்று மாதத்தில் வேலை செய்த நாள்களின் சராசரிக் கூலிதான் அளவுகோல். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகாது என்று ஒரு தரை உண்டு. 1961 சட்டத்தின் கூலி என்ற சொல்லுக்குள் ஊக்கத்தொகையும் அடங்கியிருந்தது, அதாவது நிர்ணயித்த எடைக்கு மேல் பறிக்கிற கிலோவுக்குக் கிடைக்கும் காசும் கணக்கில் வந்தது. இனி மலையை நினைத்துப் பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து கொழுந்து கருகிக் கிடக்கும், கிலோக் காசு கனவிலும் வராது. பிப்ரவரியில் விடுப்புக்குப் போகிறவளின் சராசரி அந்த மூன்று மாதத்திலிருந்து வருகிறது. மழை முடிந்து கொழுந்து பொங்குகிற காலத்துக்குப் பிறகு போகிறவளுக்கு அதே சட்டம், அதே 26 வாரம், கையில் வேறு தொகை. போதாததற்கு எட்டாம் மாதத்து வயிற்றோடு சரிவில் நிற்பவள் எத்தனை கிலோ பறிப்பாள்? பிரசவத்துக்கு முன் எட்டு வாரம் எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது. எடுத்தால் பிள்ளை பிறந்த பிறகு நான்கு மாதம்தான் மிஞ்சும். அதனால் வலி வரும்வரை கூடையைக் கட்டிக்கொண்டு போவதே வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமைக்காகவும் ஒரு வழக்கு நடந்திருக்கிறது. கோவைத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு தோட்டத் தொழிலாளியின் வழக்கு அது. விடுப்பு 12 வாரமாக இருந்த காலம். ஞாயிறு கூலியில்லாத நாள் என்று சொல்லி நிர்வாகம் 72 நாளுக்குக் கணக்குப் போட்டது. வாரத்துக்கு ஏழு நாள், ஆக 84 என்றார் அந்தப் பெண். 1977-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைக் கூலிக்காக டெல்லிவரை போன ஒரு கூடைக்காரியின் வழக்கு. இன்று 26 வாரத்தை ஞாயிறையும் சேர்த்து வாங்குகிற எந்த வங்கி அதிகாரிக்கும் இது தெரிந்திருக்காது.

தோட்டத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே பிள்ளைக் காப்பகம் இருந்தது. 2025 நவம்பர் வரை இருந்த கணக்கில், ஐம்பது பெண் தொழிலாளர்களோ அவர்களுடைய ஆறு வயதுக்குட்பட்ட இருபது பிள்ளைகளோ இருந்தால் தோட்டம் காப்பகம் நடத்தியாக வேண்டும். எங்கள் வீட்டில் அதற்குப் பிள்ளைமடுவம் என்று பெயர். நானும் அண்ணனும் அங்கே தொட்டிலில் தொங்கியவர்கள்தான். பத்து மணிக்கு அம்மா மலையிலிருந்து இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டுப் போவார். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவளுக்கு இதே உரிமை சட்டத்தில் வந்தது 2017-இல்: ஐம்பது ஊழியர் இருந்தால் காப்பகம், நாளுக்கு நான்கு தடவை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம். கூடை கட்டியவளுக்கும் அவளுக்கும் நடுவே 66 வருடம். நானும் அலுவலகத்துக்குப் போன பிறகுதான் பிள்ளைமடுவத்தின் அருமை உறைத்தது.

ஆனால் அந்தப் பெருமையும் இப்போது கரைகிறது. பெரிய தோட்டங்களில் ஆள் குறைந்து, காப்பகத்தில் பிள்ளையும் குறைந்துவிட்டது. நிறையப் பெண்கள் ஜீப்பில் ஏறிச் சிறு விவசாயிகளின் காட்டுக்குக் கிலோக் கணக்கில் பறிக்கப் போகிறார்கள், அல்லது கேத்தி பக்கம் விடியுமுன்னே கேரட் பிடுங்கப் போகிறார்கள். ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர் காப்பகம் கட்ட முடியாது. அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. இலை விலையில் அவர் பாடே திண்டாட்டம்.

என் கதைக்கு வருகிறேன். குன்னூரில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதினேன். பதினான்கு பேர், சம்பளம் 24,000. மகள் பிறந்தபோது 26 வாரமும் கொடுத்தார்கள், மாதா மாதம் சம்பளமும் வந்தது. அந்த வகையில் குறையில்லை. திரும்பிப் போன அன்று என் மேஜையில் வேறொரு பையன். ஜி.எஸ்.டி. தாக்கல், ஆடிட்டரோடு பேசுவது எல்லாம் அவன் கையில். எனக்கு பில் என்ட்ரி. சம்பளத்தில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. ஏப்ரலில் எல்லோருக்கும் ஏறியபோது எனக்கு மட்டும் ஏறவில்லை. முதலாளியிடம் போய்க் கேட்டேன். கோபப்படாமல், அப்பா மாதிரிதான் பேசினார்: “ஏம்மா, ஆறு மாசம் ரெண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்திருக்கேன். நீயே கணக்கு எழுதுறவ, பாரு.”

பார்த்தேன். 24,000 வீதம் ஆறு மாதம் 1,44,000 ரூபாய். மாற்று ஆளுக்குக் கொடுத்தது தனி. பதினான்கு பேர் கம்பெனிக்கு அது சின்னத் தொகை இல்லை. அவர் சொன்னது பொய்யில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். என் சம்பளம் 21,000-க்குள் இருந்து, இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டு அட்டையும் இருந்திருந்தால் அவர் ஒரு பைசா நேரடியாகக் கொடுத்திருக்க வேண்டாம். இஎஸ்ஐயில் முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம் மாதா மாதம் கட்டுகிறார்கள். 70 நாள் சந்தா இருந்தால் 26 வாரச் சம்பளத்தையும் அந்த நிதியே கொடுக்கும். ஆண்களை மட்டும் வேலைக்கு வைத்திருக்கிற கம்பெனியும் அதே சதவீதம்தான் கட்டுகிறது. அதனால் பிள்ளை பெறும் வயதுப் பெண்ணை எடுத்தால் நஷ்டம் என்ற கணக்கே அங்கே எழாது. நான் கோட்டுக்கு 3,000 ரூபாய் மேலே இருந்தேன், முதலாளிக்குச் சுமையானேன்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கை, 183-ஆம் எண், இதைத்தான் சொல்கிறது: குறைந்தது 14 வாரம் கொடுங்கள், அந்தப் பணம் சமூகக் காப்பீட்டிலிருந்தோ பொதுப் பணத்திலிருந்தோ வரட்டும், தனித்தனி முதலாளி தலையில் கட்டாதீர்கள். இந்தியா அதை ஏற்று உறுதி செய்யவில்லை. வாரத்தில் பார்த்தால் நாம் அந்த உடன்படிக்கையைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தாராளம். பணம் யார் கொடுப்பது என்ற இடத்தில் மட்டும் 1961-லேயே நிற்கிறோம். ஏழு வாரச் சம்பளத்தை முதலாளிக்கு அரசு திருப்பித் தரலாம் என்று 2018 நவம்பரில் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் பேசியது, பேச்சோடு நின்றது. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டம் போய்ச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வந்திருக்கிறது. 26 வாரம் அப்படியே. தோட்ட முதலாளி விரும்பினால் இஎஸ்ஐக்குள் வரலாம் என்று ஒரு கதவு திறந்திருக்கிறது. யார் யார் விரும்பப் போகிறார்கள் என்று பார்க்கலாம்.

என் மேஜை விஷயத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கக்கூடாது, பணி நிபந்தனையைப் பாதகமாக மாற்றக்கூடாது. அது சரி. திரும்பி வந்தபின் எந்த மேஜை, எந்த வேலை என்பதற்கு வரி கிடையாது. வேலையின் தன்மை இடம் கொடுத்தால் வீட்டிலிருந்து செய்யலாம் என்று 2017-இல் சேர்த்திருக்கிறார்கள், அதுவும் முதலாளியும் ஒப்புக்கொண்டால். பெண்ணின் வேலை வாழ்க்கை தேங்குவது பெரும்பாலும் இந்த மாதிரி வரி இல்லாத இடங்களில்தான். நீக்கினால் வழக்குப் போடலாம். பில் என்ட்ரி கொடுத்ததற்கு எந்த நீதிமன்றம் போவது?

அரசு வேலையில் பணத் தொல்லை இல்லை, முதலாளி அரசாங்கமே. ஆனால் அங்கேயும் ஒரு முடிச்சு இருந்தது. தகுதிகாண் பருவத்தில் மகப்பேறு விடுப்பு எடுத்தால் அந்த நாள்கள் தகுதிகாண் கணக்கில் சேராது. கூடவே சேர்ந்த ஆண் முடித்துவிடுவார், இவர் ஒரு வருடம் பின்னால் முடிப்பார். பதவி உயர்வுப் பட்டியலில் அந்த ஒரு வருடம் வட்டி போட்டுக்கொண்டே வரும். போட்டித் தேர்வு எழுதி இருபத்தெட்டு, முப்பது வயதில் வேலைக்குச் சேர்கிற ஊரில், தகுதிகாண் பருவமும் பிள்ளைப்பேறும் ஒரே நேரத்தில் வராமல் எப்போது வரும்? 2025 ஏப்ரலில்தான் அந்த விடுப்பும் தகுதிகாணில் சேரும் என்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். அடுத்த மாதமே இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது. இரண்டாம் திருமணத்தில் பிறந்த குழந்தை மூன்றாவது குழந்தை என்று சொல்லி விடுப்பு மறுக்கப்பட்ட தர்மபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியையின் வழக்கில், மகப்பேறு விடுப்பு இனப்பெருக்க உரிமையோடு சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒப்பந்தப் பணியாளர்களுக்கு 2023-இல் ஒரு தீர்ப்பு உண்டு: ஒப்பந்தக் காலம் நடுவில் முடிந்தாலும் மகப்பேறுப் பயனை முழுதாகக் கொடுக்க வேண்டும்.

பணிக்கொடையிலும் இப்படி ஒரு ஓட்டை இருந்தது. 2017-இல் விடுப்பு 26 வாரமானது, ஆனால் பணிக்கொடைச் சட்டத்தில் தொடர் பணியாக எண்ணப்பட்டது 12 வாரம் மட்டும். 2018 மார்ச்சில்தான் அதையும் 26 ஆக்கினார்கள்.

விடுப்பை நீட்டிக்கொண்டே போனால் எல்லாம் சரியாகுமா? வெளிநாட்டு அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. டென்மார்க்கில் நல்ல விடுப்பு, நல்ல காப்பகம் எல்லாம் உண்டு. அங்கேயே முதல் பிள்ளைக்குப் பிறகு பெண்களின் வருமானம் ஆண்களோடு ஒப்பிட நீண்ட காலத்தில் சுமார் 20 சதவீதம் பின்தங்கி நிற்கிறது என்று ஹென்ரிக் கிளெவன் குழுவினர் 2019-இல் காட்டினார்கள். ஆஸ்திரியாவில் பல பத்தாண்டுகள் விடுப்பை நீட்டியும் குறைத்தும் பார்த்ததில் இந்த இடைவெளி ஏறக்குறைய அசையவில்லை என்பது அதே குழுவின் இன்னொரு ஆய்வு. 2023-இல் நோபல் பரிசு வாங்கிய கிளாடியா கோல்டின், கேட்ட நேரமெல்லாம் வந்து நிற்பவருக்கே கூடுதலாகக் கொடுக்கும் வேலைகளில்தான் தாய்மார்கள் பின்தங்குகிறார்கள் என்கிறார். ஸ்வீடன் வேறு வழியில் போனது. பிள்ளைக்கு 480 நாள், அதில் தகப்பனுக்கென்று 90 நாள். அவர் எடுக்காவிட்டால் வீண். இங்கே மத்திய அரசு ஊழியரான தகப்பனுக்கு 15 நாள். எங்கள் தோட்டத்து ஆண்களுக்கு அதுவும் இல்லை. பிள்ளையைப் பார்த்துவிட்டு மறுநாள் கவாத்துக் கத்தியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

ஆக ஏழாம் மாதத்துக்கே திரும்ப வர வேண்டியிருக்கிறது. 26 வாரம் முடியும்போது பிள்ளைக்கு ஆறு மாதம். அங்கன்வாடியில் உட்கார வைக்க இரண்டு வயதாக வேண்டும். நடுவில் பதினெட்டு மாதம். தோட்டத்தில் காப்பகம் ஓடினால் சமாளிக்கலாம். ஐம்பதுக்கும் குறைந்த ஆள் வேலை செய்கிற இடம், அதாவது மலையில் இருக்கிற கடை, ஹோட்டல், அலுவலகங்களில் பெரும்பாலானவை என்றால், சட்டம் கையை விரித்துவிடும். இரண்டு வயதுக்குப் பிறகும் நிம்மதி இல்லை. 2024 ஜனவரியில் பந்தலூர்ப் பக்கம், அங்கன்வாடியிலிருந்து தாயோடு வீடு திரும்பிய மூன்று வயதுப் பிள்ளையைத் தேயிலைக்குள்ளிருந்து வந்த சிறுத்தை கொன்றது. வெளி மாநிலத்திலிருந்து வந்து வேலை செய்த குடும்பம். பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போவது பற்றி மலையில் பேசும்போது இதுவும் அந்தப் பேச்சுக்குள் வரும்.

‘பாட்டி பார்த்துக்கொள்வாள்’ என்பதுதான் எழுதப்படாத திட்டம். இங்கே பாட்டிக்கும் கூடை இருக்கிறது என்பதை யாரும் நினைப்பதில்லை.

பக்கத்து லைனில் இருக்கிற பெண், அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன், போன வருடம்தான் பெர்மனன்ட் ஆனாள். அடுத்த மாதம் அவளுடைய 26 வாரம் முடிகிறது. அவர்கள் டிவிஷன் காப்பகத்தை மூடி இரண்டு வருடமாகிறது. இப்போது வேலையை விட்டால் லைன் வீட்டுக்கும் பெர்மனன்டுக்கும் இனி வரிசையே கிடையாது. அவள் அத்தைக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. போன ஞாயிறு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கால்குலேட்டரைத் தட்டச் சொன்னார்கள். பணிக்கொடை வருடத்துக்குப் பதினைந்து நாள் கூலி. இரண்டு வருடம் முன்னால் நின்றால் முப்பது நாள் கூலி போகும். இரண்டு வருடச் சம்பளம், பி.எஃப். பங்கு தனி. கூட்டிச் சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “திங்கக்கிழமை ஆபீசுல எழுதிக் குடுத்துடறேன், நீ தமிழ்ல நல்லா எழுதுவியே, ஒரு லெட்டர் போட்டுத் தா பாப்பா” என்றார். அந்தக் கடிதத்தில் காரணம் என்று ஒரு வரி வரும். ‘உடல்நிலை’ என்று எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.